என் தங்கையை ‘இட்’ என்று எழுதியவள்

நம் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்த பெண்கள் யாராவது இதைப் படித்தால், இடது கை விரல் முட்டிகளை ஒரு தரம் தடவிப் பாருங்கள். ஒருத்திக்கு ஸ்பெல்லிங்குக்காக அடி விழுந்திருக்கும். ஒருத்திக்கு உச்சரிப்புக்காக. எனக்கு விழுந்தது ‘ஷீ’ என்ற ஒரே ஒரு சொல்லுக்காக. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் போய்விட்டது, ஒரு கண்ணும் போய்விட்டது. அந்தக் கோபம் போகவில்லை. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்பைப் பற்றி யாரும் எனக்குப் பிரசங்கம் பண்ண வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. சண்டைக் காலம், மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் ரேஷன். அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் பிட்டர். அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் மெஷின் எண்ணெய் வாடை வந்துவிடும். காது மடலில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். என்னை மட்டும் படிப்புக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். எங்கள் குடும்பத்தில் ஆண், பெண் இரண்டிலும் இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள். அவளை ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். ‘அவிய’ என்று மரியாதை போட என் கை வராது.

கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, தோளில் ஒரு புரூச், காலில் கறுப்பு ஷூ. தெருவில் அவள் நடந்தால் ஷூ சத்தத்துக்கே பிள்ளைகள் ஓரம் கட்டும். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். படகு மாதிரி இரண்டு பக்கமும் வாய் வைத்த கண்ணாடிப் புட்டியில் அவனுக்குப் பால் கொடுப்பாள். அந்தப் புட்டியைக் கழுவுவது என் வேலை. சிவப்பு ரப்பரின் வாடையும் புளித்த பாலின் வாடையும் சேர்ந்து விரலில் பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். அந்த மாதிரிப் புட்டியை இப்போது எங்கேயும் பார்க்க முடியாது. பார்க்காமல் இருப்பதே நல்லது.

அந்தத் தை மாதம் ராஜபாளையத்தில் எனக்குத் தங்கை பிறந்தாள்.

சனி ஞாயிறு லீவுக்கு ரயிலேறி ஊருக்குப் போனேன். அம்மாவைக் கவனிக்கத் தேவதானத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவின் அக்கா. பிள்ளை இல்லாதவர். வயல் வேலை செய்து உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும். ஆனால் அந்தக் கையில் பாப்பாவை எடுத்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டினால் அவள் அழவே மாட்டாள். கல்லில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் ஓரோர் உரசல் உரசி, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவார். அந்த உரைமருந்தின் கசப்புக்குப் பாப்பா முகத்தைச் சுளிப்பாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா வாசலில் நின்றே, “பங்காரம், பங்காரம்” என்று கொஞ்சுவார், தங்கமே என்று அர்த்தம்.

என் அம்மா அவளை ஒரு தடவைகூட ‘அது’ என்று சொன்னதில்லை. தமிழில் குழந்தையை அது என்பது வழக்கம்தானே, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா சொல்ல மாட்டாள். “அவ முழிச்சிட்டா பாரு.” “அவளுக்கு விக்கல் எடுக்கு, செத்த தூக்கு.” ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் பெயர் கிடையாது, பாப்பாதான். இடது காது மடலில் பூனைமுடி அடர்த்தியாக இருக்கும். என் சுண்டுவிரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். அவ்வளவுதான் எனக்கு அவளைத் தெரியும்.

திரும்பி வந்த வாரம் வகுப்பில் ‘எங்கள் வீடு’ என்று ஒரு காம்போசிஷன் எழுதச் சொன்னாள் அத்தை. நான் பாப்பாவைப் பற்றியே ஒரு பக்கம் எழுதினேன். நோட்டு திரும்பி வந்தபோது பக்கம் முழுக்கச் சிவப்பு. மை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துச் செய்தது அது, காய்ந்தால் பளபளக்கும். ‘ஷீ’ வந்த ஏழு இடத்திலும் அடித்துவிட்டு மேலே ‘இட்’ என்று எழுதியிருந்தாள்.

என்னை எழுப்பி நிறுத்தி வகுப்புக்கே சொன்னாள். “ஹீ யாருக்கு? ஆம்பளைக்கு. ஷீ யாருக்கு? பொம்பளைக்கு. இட் யாருக்கு? ஆடு, மாடு, மேசை, நாற்காலி, பொறவு கைக்குழந்தை. ஏன்? அதுக்கு விவரம் கெடையாது. எழுதிக்கோங்க.”

நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

“அத்தை, நம்ம வீட்டுத் தம்பிப் பாப்பாவ மட்டும் நீங்க ஹீன்னு சொல்லுதீங்களே?”

அது உண்மை. மெட்ராஸில் இருந்த, தன்னைப் படிக்க வைத்த வெள்ளைக்கார டீச்சரம்மாவுக்கு அத்தை எழுதும் கடிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் போடுவது நான்தான். பையன் பிறந்த அன்றைக்கு எழுதிய கடிதத்திலிருந்தே அவன் ‘ஹீ’.

வகுப்பில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அத்தை மர ரூலரை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பால் என் முட்டியில் நாலு அடி வைத்தாள். “இங்க அத்தை கெடையாது. டீச்சர்.” அன்றைக்குச் சாயங்காலம் ‘தி பேபி இஸ் கிரையிங், இட் இஸ் ஹங்ரி’ என்று நூறு தடவை எழுதினேன். எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் மனசுக்குள் ‘ஷீ’ என்று திருத்திக்கொண்டே போனேன்.

பங்குனியில் ராஜபாளையத்தில் காய்ச்சல் பரவியது. முதலில் அம்மாவுக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் அப்பா வந்து இறங்கினார். மில் உடுப்போடு அப்படியே வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“அக்கா, அவளுக்குக் காய்ச்சல் தேவலை. இப்போ பாப்பாவுக்கு வந்திட்டு. ராத்திரி பூரா கத்துனா. விடிஞ்சதுலேருந்து சத்தமே இல்ல. பால் குடிக்க மாட்டேங்கா, கண்ணு சொருகுது. நான் போயி அவளத் துணியில சுத்திக்கிட்டு அடுத்த ரயிலுக்கே வந்திருதேன். டாக்டரம்மாட்ட காட்டிருவோம்.”

“ஏலே, இந்த வெயில்ல கைக்குழந்தையத் தூக்கிட்டு அலைவியா?” என்றாள் அத்தை. “நான் ஒரு லெட்டர் எழுதுனா டாக்டரம்மாவே கார்ல வருவாங்க. எம் எழுத்துக்கு அம்புட்டு மரியாதை உண்டு. நீ இங்கயே இரு.”

டாக்டரம்மா வெள்ளைக்காரர். சுற்று வட்டாரத்துக்கெல்லாம் அவர் ஒருவர்தான். அத்தை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் எழுதி முடித்த இங்கிலீஷ் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘தம்பி மனைவியின் காய்ச்சல் குழந்தைக்கும் வந்திருக்கிறது. இட் இரவில் மிகவும் மோசமாக இருந்தது. இட் இப்போது அமைதியாக இருக்கிறது. தயவுசெய்து வரவும்.’

எனக்குச் சுருக்கென்றது. “அத்தை, ஷீன்னு போடுங்க. இல்லாட்டி காய்ச்சல்தான் அமைதியாயிட்டுன்னு நெனைப்பாங்க.”

“எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தாரியா? ஏட்டி, போ. குடுத்திட்டுப் பதில வாங்கிட்டு வா. அங்க போயி வாயத் தொறந்து ஒன் அரைகுறை இங்கிலீஷக் காட்டி எம் மானத்த வாங்காத.”

ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே கூட்டம். டாக்டரம்மா நின்றபடியே கடிதத்தைப் படித்தார். முகம் தெளிந்தது. பக்கத்திலிருந்த நர்ஸம்மாவிடம் பெட்ரோலைப் பற்றி ஏதோ கேட்டார். அப்புறம் ஒரு துண்டுத் தாளில் எழுதி என் கையில் கொடுத்து, கன்னத்தைத் தட்டினார். நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இங்கிலீஷில்கூட வேண்டாம், நர்ஸம்மாவிடம் தமிழிலேயே சொல்லியிருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தாளே. என் வாழ்நாளில் நான் அத்தைக்குக் கீழ்ப்படிந்தது அந்த ஒரு தடவைதான் முழுசாக.

அவளை நான் பிற்பாடு பழிவாங்கியதில் பாதி, அந்த வராந்தாவில் நின்ற என்னையும் சேர்த்து அடித்த அடி. இது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் புரிந்தது.

சீட்டை வழியிலேயே படித்துவிட்டேன். ‘இட் அமைதியானது கேட்டு மகிழ்ச்சி. கொதித்து ஆறிய தண்ணீர் கொடுங்கள். பெட்ரோல் குறைவாக இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன்.’

அத்தையிடம் கொடுத்தபோது, “டாக்டரம்மா காய்ச்சல்னு நெனச்சிட்டாங்க, அத்தை” என்றேன். அவள் சீட்டை ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். மேசையில் தாள் இருந்தது, மை இருந்தது, பேனா ஈரமாகவே இருந்தது. இன்னொரு வரி எழுதினால் போதும். நான் முதலில் எழுதியது சரியில்லை, அமைதியாகக் கிடப்பது குழந்தை என்று ஒரே ஒரு வரி.

அவள் சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். வேப்பமரத்தடியில் குந்தியிருந்த அப்பாவிடம், “பயப்பட ஒண்ணுமில்லையாம். கொதிச்ச தண்ணி குடுக்கச் சொல்லியிருக்காங்க. சனிக்கிழமை வாராங்களாம்” என்றாள்.

அப்பாவுக்கு எவ்வளவு நிம்மதி! “ஒனக்குக் கோடிப் புண்ணியம்க்கா” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்கு ஓடினார்.

வியாழக்கிழமை பகல் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரத்தில் பாப்பா இறந்துபோனாள்.

நானும் அத்தையும் போய்ச் சேரும்போது பெட்டியை மூடவில்லை. பாப்பாவின் கை விரல்கள் மூடியிருந்தன. என் சுண்டுவிரலை உள்ளே நுழைக்கப் பார்த்தேன், யாரோ என்னை இழுத்துவிட்டார்கள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாகத்தான் இடம் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, கேட்காதவர்களுக்கும் கேட்கிற குரலில் அத்தை சொன்னாள்:

“டாக்டரம்மாவே பயமில்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு மேல ஏன் செத்துது? கண்ட வேரையும் கல்லுல ஒரசி ஊத்துனா? பச்சைக் கொடலு தாங்குமா? படிப்பில்லாத சனங்க கையில பிள்ளையக் குடுத்தா இப்பிடித்தான்.”

எல்லோரும் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் அடுக்களை வாசலில் நின்றிருந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஒருத்தரிடமும் சொல்லாமல் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிடவில்லை. அவளும் நம்பிவிட்டாள்.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன், சீட்டைச் சொன்னேன். அவர் என்னை அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. “ஒன்னப் படிக்க வைக்கிறவளப் பத்தியா இப்பிடிப் பேசுத?” என்று கேட்டுவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார். அத்தையோ, குழந்தை இறந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று டாக்டரம்மாவுக்கு இரண்டு வரி அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை கார் வரவில்லை.

கோடை லீவில் ஒரு நாள் தேவதானம் போயிருந்தேன். பெரியம்மாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிள்ளை பிறந்திருந்தது. அந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் முதல் குளியல் பெரியம்மா கையால்தான். பெற்றவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்து நீட்டினாள். பெரியம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, “வேண்டாம் தாயி. இது கொலைகாரக் கை” என்றார். வீட்டில் உரைகல் இல்லை. கிணற்றில் போட்டுவிட்டாராம்.

அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். அத்தையை அழவைக்க வேண்டும். நாலு பேருக்கு முன்னால், அவளுடைய இங்கிலீஷாலேயே.

லீவு முடிந்து நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி அவள் வீட்டுக்கே போனபோது அம்மாவுக்கு ஆச்சரியம். நான் நல்ல பிள்ளையாகிவிட்டேன். புட்டி கழுவினேன். அத்தை மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, கொழுகொழுவென்று நல்ல பயல். கையெழுத்தை மணி மணியாக ஆக்கினேன். அத்தை எழுதுவதையெல்லாம் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

ஆடியில் பள்ளிக்கூட ஹாலில் குழந்தைகள் கண்காட்சி வைத்தார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை கொழுத்த குழந்தைக்குப் பரிசு கொடுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் ஓர் அட்டை. அதில் வயது, ஆகாரம், உடம்பு எப்படி என்று இங்கிலீஷில் நாலு வரி. பரிசு கொடுக்க டாக்டரம்மா வந்திருந்தார். அத்தை ஒரு மாதமாக அந்த வெள்ளிக் கிண்ணத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். மகனின் அட்டைக்கு அவள் வாசகம் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். ‘ஹீ’ நாலு வேளை பால் குடிக்கிறான், ‘ஹீ’ நன்றாகத் தூங்குகிறான். அழகாக எழுதிக் காட்டினேன். “பரவால்லட்டி, தேறிட்ட” என்றாள். வாழ்க்கையில் என்னை அவள் பாராட்டியது அந்த ஒரு தடவை. சட்டையில் குத்தும்போது வேறோர் அட்டையைக் குத்தினேன்.

ஆடிக்காற்று ஹாலுக்குள் புகுந்து காகிதத் தோரணங்களைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சர்ச் உபதேசியார் மனைவி, டீச்சர்கள், தாய்மார்கள் எல்லோரும் நாற்காலியிலும் பாயிலும் நிறைந்திருந்தார்கள். டாக்டரம்மா ஒவ்வோர் அட்டையாக உரக்கப் படிப்பார், நர்ஸம்மா தமிழில் சொல்வார், எல்லோரும் கை தட்டுவார்கள். அத்தையின் மகனை டாக்டரம்மா கையில் எடுத்தார். சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார்.

‘காய்ச்சல் குழந்தைக்கும் வந்திருக்கிறது. இட் இரவில் மிகவும் மோசமாக இருந்தது. இட் இப்போது அமைதியாக இருக்கிறது.’

நர்ஸம்மா அதைத் தமிழில் சொன்னதும் ஹாலே சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அட்டையைத் திரும்பப் பார்த்தார். “எது மோசமாக இருந்தது? எது அமைதியாக இருக்கிறது?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

அத்தையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “இந்தப் பெண் ஏதோ தவறாக...” என்று எழுந்தாள்.

நான் முன்னால் போனேன். அன்றைக்கு வராந்தாவில் ஒட்டிக்கொண்ட நாக்கு அவிழ்ந்துவிட்டது. இங்கிலீஷிலேயே சொன்னேன். “மேடம், இது பங்குனியில் நான் உங்களுக்குக் கொண்டுவந்த கடிதம். இட் என்று எழுதியிருந்தது என் தங்கையை. ஷீ இரவெல்லாம் அழுதாள். ஷீ அமைதியானாள். ஷீ வியாழக்கிழமை இறந்துபோனாள்.”

இலக்கணம் எங்கேயாவது தப்பியிருக்கும். ‘ஷீ’ மூன்று தடவையும் தப்பவில்லை.

டாக்டரம்மா பையனை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். “குழந்தையா? அந்த ‘இட்’ குழந்தையா?” என்று அத்தையைக் கேட்டார்.

“கிராமர், மேடம்,” என்றாள் அத்தை. “கைக்குழந்தைக்கு இட் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.”

“தெருவில் யார் பிள்ளை என்று தெரியாமல் போகிற குழந்தைக்கு நானும் இட் என்பேன். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் சொல்வேன். உன் தம்பி மகளை நீ எப்படிச் சொல்வாய்? அது அமைதியாக இருக்கிறது என்று படித்தால் காய்ச்சல் தணிந்தது என்றுதானே நினைப்பேன்? அவள் அமைதியாக இருக்கிறாள் என்றால், அது தாயாகட்டும் பிள்ளையாகட்டும், அந்த நிமிஷமே காரை எடுத்திருப்பேனே?”

நர்ஸம்மா இதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார். ஹாலில் காகிதத் தோரணச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், நின்ற இடத்திலேயே அழுதாள். நான் நன்றாகப் பார்த்தேன். ஒரு துளியைக்கூட விடவில்லை.

இன்றைக்கு யோசித்தால் அவளுடைய பயம் எனக்குத் தெரிகிறது. ஒரு வெள்ளைக்கார அம்மாவின் தயவில் படித்து, அந்த இங்கிலீஷை மட்டுமே பிடித்துக்கொண்டு மேலே வந்தவள். அதில் ஓர் ஓட்டை என்று தெரிந்தால் எல்லாமே போய்விடும் என்று நினைத்திருப்பாள். அந்த ஒரு திருத்த வரியை எழுத அவளால் முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் ரூலரை எடுத்தாள். மாமா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, வீட்டில் அவர் குரல் கேட்பதே அபூர்வம். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே, “கீழ போடு” என்றார். அத்தை ரூலரைக் கீழே போட்டாள்.

டாக்டரம்மா மறுநாளே காரை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய்விட்டார். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸம்மாவை வைத்து எல்லாவற்றையும் சொன்னாராம். உரைமருந்தில் என்னென்ன உரசினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். அதனால் பிள்ளை சாகவில்லை, நேரத்துக்கு நான் வந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள் என்றாராம்.

அடுத்த நாள் காலையில் அம்மா வந்து அத்தை வீட்டு வாசலில் நின்றாள். பின்னால் அப்பா. அம்மா அந்த வீட்டில் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“மதினி, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ்லயே கேக்கேன். டாக்டரம்மா சீட்டுல எழுதுனதப் படிச்சீங்களே, அவிய தப்பா வெளங்கிக்கிட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?”

அத்தை மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அது வந்து, இங்கிலீஷ்ல...”

“தெரிஞ்சுதா, தெரியலையா?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சொன்னாள். “தெரிஞ்சுது.”

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். அம்மா அழவில்லை. “சரி. பிள்ளைய அண்ணங்கிட்ட குடுத்திட்டுக் கெளம்புங்க. தேவதானம் போவணும். எங்க அக்காட்ட இத ஒங்க வாயால சொல்லணும்” என்றாள். என் பக்கம் திரும்பி, “பெட்டிய எடுட்டி” என்றாள். என் படிப்பு அதோடு சரி. மேற்கொண்டு படித்திருந்தால் என்னவாகியிருப்பேன் என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். அந்த அட்டையை இன்னொரு தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

சேத்தூர் வரைக்கும் பஸ். கரி போட்டு ஓட்டும் பஸ், மேட்டில் நாமே இறங்கித் தள்ள வேண்டும். அங்கிருந்து தேவதானத்துக்கு வெயிலில் நடை. பெரியம்மா வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தார். அத்தை அந்தக் கறுப்பு ஷூவோடு வரப்பில் நடந்தாள். இரண்டு இடத்தில் வழுக்கிச் சேற்றில் கால் வைத்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. களையெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அம்மா, “சொல்லுங்க மதினி” என்றாள்.

அத்தை சொன்னாள். சத்தம் போதவில்லை, அம்மா மறுபடி சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவை வரப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. “ஒங்க மருந்தால இல்ல. நான் எழுதுன லெட்டராலதான் டாக்டரம்மா வரல. தப்பா எழுதிட்டேன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்திட்டேன்.”

பெரியம்மா கையிலிருந்த களையைக் கீழே போட்டார். “அப்போ நான் கொல்லலையா?” என்று கேட்டார். ஒரு தடவை கேட்டுவிட்டு, பதில் கிடைத்தும் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் முழங்கால் அளவு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா இறங்கிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் பாப்பாவுக்காக அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்கள்.

வரப்பில் நானும் அத்தையும் மட்டும் நின்றோம். உச்சி வெயில். அவள் உதடு வெடித்திருந்தது. சேலை முழங்கால் வரைக்கும் சேறு. அம்மா பஸ்ஸுக்குக் கொண்டுவந்த கூஜா என் கையில் இருந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் டீச்சர் இல்லை.

“ஏட்டி, நாக்கு வறளுது. செத்த தண்ணி தா.”

கூஜாவில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. இல்லை என்றேன்.